கான்ஃபிக் கோப்பில் கிடக்கும் பழைய வரிகள்

லாரி ஸ்ட்ரைக் வந்தால் நாமக்கல்லில் எல்லாருக்கும் கவலை. எனக்கு அன்றைக்குத்தான் கை நிறைய வேலை. 2018 ஜூலை 20-ஆம் தேதி நாடு முழுக்க லாரிகள் நின்றபோது, டிரிப் ஷீட் போடும் பிள்ளைகள் செல்போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஆபீஸ் ஆபீசாகப் போய் டேட்டாபேஸ் சர்வரை நிறுத்திப் புது வெர்ஷன் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரைக் இல்லாத வருஷத்தில் எனக்கு ஆயுத பூஜை. வண்டிகளைக் கழுவி மாலை போட்டு நிறுத்தும் அந்த நாளில்தான் சர்வரையும் நிறுத்த விடுவார்கள். விபூதிப் பட்டையும் சந்தனப் பொட்டும் வைத்த சிபியூவைத் திறந்து வேலை பார்த்துப் பழகிவிட்டது.

மற்ற நாளில் லேசில் நிறுத்த முடியாது. முன்பெல்லாம் ராத்திரி சர்வர் படுத்தால் "காலையில பாத்துக்கலாம் தம்பி" என்பார்கள். 2018 ஏப்ரலில் இ-வே பில் வந்த பிறகு அந்தப் பேச்சே போயிற்று. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் பொதுவாக பில் வேண்டும். பாதி வழியில் சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால் பில்லில் வண்டி நம்பரையும் மாற்ற வேண்டும். பில்லின் ஆயுளும் கிலோமீட்டர் கணக்கில்தான்: அப்போது நாளுக்கு 100, 2021 ஜனவரி முதல் 200. நாக்பூர் தாண்டி நிற்கும் டிரைவர் ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தால், இங்கே டிரிப் விவரம் உடனே திறந்தாக வேண்டும்.

சர்வர் ஏறும்போது படிக்கும் செட்டிங் கோப்புதான் கான்ஃபிக் கோப்பு. அதை எளிமையாக்க வேண்டும் என்று சர்வரை உருவாக்குகிறவர்கள் வெர்ஷனுக்கு வெர்ஷன் முயல்கிறார்கள். எளிமையாக்கினால் ஏதாவது ஒரு பழைய வரி செல்லாமல் போகும். அந்த வரியை வைத்திருப்பவரின் சர்வர் ஏறாது. இந்த இழுபறியில் நியாயம் யார் பக்கம் என்று கேட்டால், தொழிலுக்கு வந்த புதிதில் பழைய கோப்பு வைத்திருப்பவர் பக்கம் என்று யோசிக்காமல் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல மாட்டேன்.

இங்கே சர்வர்கள் குடியிருக்கும் இடத்தை முதலில் சொல்ல வேண்டும். பரமத்தி ரோட்டு லாரி ஆபீசில் மாடிப்படிக்கு அடியில், டயர் பில் கட்டுகளுக்கு நடுவில். தீவன மில்லில் எடைமேடை அறையில், மக்காச்சோளத் தூசியைக் குடித்துக்கொண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஆபீசில் ஓனரின் மேஜைக்கு அடியில், அவர் கால் வைத்துக்கொள்ள வசதியாக. முட்டை வியாபாரிகளிடம் வீட்டோடு ஒட்டிய அறையில், யுபிஎஸ் பேட்டரிக்குப் பக்கத்தில்.

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் சர்வரின் 8.0 வெர்ஷன் 2005 ஜனவரியில் வந்தது. விண்டோஸில் நேரடியாக ஓடிய முதல் போஸ்ட்கிரெஸ் அதுதான். லைசென்ஸ் காசு இல்லை, இருக்கிற பிசியிலேயே ஓடும். இந்த இரண்டு காரணம் போதும். விபி6-இல் எழுதி அக்ஸஸில் கணக்கு வைத்திருந்த உள்ளூர் சாஃப்ட்வேர்கள் நான் பார்க்கப் பார்க்க அதற்கு மாறின. சிலர் மைஎஸ்கியூஎல் பக்கம் போனார்கள். சாஃப்ட்வேர் எழுதியவரே சர்வரையும் நிறுவிக் கொடுப்பார். பிறகு அவர் கோயம்புத்தூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விடுவார். கான்ஃபிக் கோப்பு இங்கேயே இருக்கும்.

அந்தக் கோப்பைத் திறந்தால் வரி வரியாகச் செட்டிங்குகள். இன்றைய போஸ்ட்கிரெஸில் மொத்தம் முந்நூறைத் தாண்டும். முக்கால்வாசி வரிகளின் முன்னால் ஒரு ஹாஷ் குறி இருக்கும். அதை எடுக்காத வரை அது வெறும் குறிப்பு, சர்வர் தன் இயல்பு மதிப்பையே எடுத்துக்கொள்ளும். ஒரு லாரி ஆபீசுக்கு உண்மையில் மாற்ற வேண்டியவை ஏழெட்டு வரிகள்தான். அந்த ஏழெட்டும் மற்றவற்றுக்கு நடுவில் எங்கே கிடக்கின்றன என்று கண்டுபிடிப்பதே பாதி வேலை.

எங்கள் ஊரில் கான்ஃபிக் கோப்பு எழுதப்படுவதில்லை, காப்பி அடிக்கப்படுகிறது. ஓர் ஆபீசில் நன்றாக ஓடினால் அதே கோப்பு அடுத்த ஆபீசுக்கும் போகும். இப்படித்தான் ரிக் வண்டி ஆபீஸ் ஒன்றில் எஃப்-சிங்க் ஆஃப் என்ற வரியைப் பார்த்தேன். பக்கத்தில் 'டெம்பரரி' என்று ஒரு குறிப்பு. தேதியும் இல்லை, போட்டவர் பேரும் இல்லை. எஃப்-சிங்க் என்பது, 'சேவ் ஆகிவிட்டது' என்று சொல்லும் முன் தகவல் டிஸ்க்கில் நிஜமாகவே பதிந்ததா என்று சர்வர் உறுதி செய்யும் வேலை. அதை அணைத்தால் பழைய ஹார்ட் டிஸ்க்கிலும் என்ட்ரி பறக்கும். நடுவில் கரண்ட் போனால் டேட்டாபேஸே சிதையலாம். 2012 மின்வெட்டுக் காலத்தில் எவனோ ஒருவன் யுபிஎஸ்ஸை நம்பி இதை அணைத்திருக்க வேண்டும். பிறகு பேட்டரி செத்தது, பிசி மாறியது, போஸ்ட்கிரெஸ் வெர்ஷன் மாறியது. வரி மட்டும் கோப்போடு கோப்பாக வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு புது வெர்ஷனும் அதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டது. பழையதை உடைக்காமல் இருப்பதற்கு இப்படியும் ஒரு முகம் உண்டு. டெம்பரரி என்று எழுதிய வரிக்கு எங்கள் ஊரில் ஆயுள் கெட்டி.

எளிமையாக்கியதில் எனக்கு ரொம்பப் பிடித்தவை சத்தமில்லாமல் நடந்தவை. லினக்ஸில் போஸ்ட்கிரெஸுக்கு ஒரு ஜிபி மெமரி கொடுக்க நினைத்தால், 9.3-க்கு முன்பு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் கெர்னலிலேயே ஒரு வரம்பை உயர்த்த வேண்டியிருந்தது. அது தெரியாமல் போஸ்ட்கிரெஸில் மட்டும் எண்ணைக் கூட்டி, சர்வர் ஏறாமல் முழித்தவர்கள் எத்தனையோ பேர். 2013-இல் 9.3 வந்தபோது மெமரி கேட்கும் முறையையே மாற்றினார்கள். பெரும்பாலானோருக்கு அந்தக் கெர்னல் வேலையே இல்லாமல் போயிற்று. அதற்காகப் பழைய வரி ஒன்றுகூடச் சாகவில்லை. யாரும் நன்றி சொன்னதாகவும் தெரியவில்லை.

எல்லா மாற்றமும் அப்படி அமையாது. அப்போது என்ன செய்யலாம் என்று கேட்டால் படித்தவர்கள் சட்டென்று சொல்லும் பதில், 'முதலில் சில வெர்ஷனுக்கு எச்சரிக்கை கொடு, பிறகு மாற்று' என்பது. போஸ்ட்கிரெஸ் அதையும் ஒழுங்காகச் செய்து பார்த்திருக்கிறது. எழுத்துச் சரத்துக்குள் வரும் பின்சாய்கோட்டை எப்படிப் படிப்பது என்ற விஷயம் அது. பழைய வழக்கில் இரண்டு பின்சாய்கோடு போட்டால் ஒன்றாகப் பதியும். எஸ்கியூஎல் தரநிலைப்படி எழுதியது எழுதியபடியே பதிய வேண்டும். பல ஆண்டுகள் லாக்கில் எச்சரிக்கை எழுதிவிட்டு, 2011-இல் வந்த 9.1-இல் தரநிலைக்கு மாறினார்கள். நான் பார்த்த லாரி ஆபீஸ் ஒன்றில் ஆர்சி புத்தகம் ஸ்கேன் செய்த படங்களின் பாதையை டி டிரைவ் முதற்கொண்டு டேட்டாபேஸில் வைத்திருந்தார்கள். வெர்ஷன் மாறிய நாளிலிருந்து பாதைகள் இரட்டைக் கோட்டோடு பதிந்தன. விண்டோஸ் இரட்டைக் கோட்டையும் பொறுத்துக்கொள்ளும், ஆகையால் படம் திறந்தது, யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒரே ஆர்சி இரண்டு முறை பட்டியலில் வருகிறதே என்று எஃப்சிக்குப் போகும்போதுதான் கவனித்தார்கள். லாக் ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். பழைய வெர்ஷன் இருந்த காலம் முழுக்க எச்சரிக்கைகள் ஜிபி கணக்கில் குவிந்து கிடந்தன. ஒருவரும் படிக்கவில்லை. லாக்கில் எழுதும் எச்சரிக்கை, எப்படியும் ரிலீஸ் குறிப்பைப் படிக்கிற ஆளுக்குத்தான் போய்ச் சேரும். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சர்வரின் லாக்கை யார் படிப்பார்?

அடுத்தது செக்பாயின்ட் செக்மென்ட்ஸ். தீவன மில்காரர்களை நேரடியாகத் தொட்ட மாற்றம் இது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் வால் என்கிற பதிவேட்டில் 16 எம்பி துண்டுகளாக எழுதும். இத்தனை துண்டு நிறைந்ததும் எல்லாவற்றையும் முறைப்படி டேபிள்களில் இறக்கி வை என்று சொல்வது இந்தச் செட்டிங். இயல்பு மதிப்பு 3. மாதக் கடைசியில் மில்லில் ஸ்டாக் கணக்கு முடிக்கும்போது இந்த மூன்று துண்டும் கண் மூடித் திறப்பதற்குள் நிறைந்துவிடும். டிஸ்க் விளக்கு அணையவே அணையாது, பில் போடும் கவுன்டர் உறைந்து நிற்கும். அதனால் எல்லாரும் 32 என்று போட்டார்கள். 32 என்றால் டிஸ்க்கில் எவ்வளவு இடம் பிடிக்கும்? அதற்கு மேனுவலில் ஒரு சூத்திரம்: செக்பாயின்டைப் பரப்பும் விகிதத்தோடு இரண்டைக் கூட்டு, 32-ஆல் பெருக்கு, ஒன்றைக் கூட்டு, வருவது துண்டுகளின் எண்ணிக்கை, அதை 16 எம்பியால் பெருக்கு. மில் கணக்குப்பிள்ளையிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

2016 ஜனவரியில் வந்த 9.5 இதை ஒழித்துவிட்டு மேக்ஸ் வால் சைஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. நேரடியாக ஜிபியில் சொல்லலாம். பழைய வரி இருந்தால், இப்படி ஒரு செட்டிங் தெரியாது என்று சர்வர் ஏற மறுக்கும். ரிலீஸ் குறிப்பில் மாற்றும் கணக்கையும் கொடுத்திருந்தார்கள்: பழைய எண்ணை மூன்றால் பெருக்கி, 16 எம்பியால் பெருக்கு. 32-க்கு 1,536 எம்பி. இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. மனிதன் போட வேண்டிய கணக்கை இவ்வளவு தெளிவாக எழுத முடிகிறதென்றால் அதை சர்வரே போட்டுக்கொண்டு ஏறியிருக்கலாம். 9.6-இல் அப்படிச் செய்தார்களே. வால் லெவல் என்ற செட்டிங்கில் ஆர்க்கைவ், ஹாட் ஸ்டாண்ட்பை என்று இருந்த இரண்டு மதிப்பையும் ரெப்ளிகா என்ற ஒன்றாக்கினார்கள். பழைய பெயரைப் போட்டாலும் ரெப்ளிகா என்றே எடுத்துக்கொண்டது. அதனால் யாருடைய சர்வரும் நிற்கவில்லை.

ஆனால் நடைமுறையில் என்ன செய்தேன் என்றால், பெரும்பாலான ஆபீஸ்களில் அந்த வரியை நான் மாற்றி எழுதவே இல்லை. அழித்துவிட்டேன். புதிய இயல்பு மதிப்பு 1 ஜிபி. மாதக் கடைசியைத் தாங்க அது போதும். 3 என்ற பழைய மதிப்பு ரொம்பச் சிறிய கம்ப்யூட்டர்களை மனதில் வைத்து வந்தது. இயல்பு மதிப்பைச் சரியாக வைத்தாலே பாதிப் பேருடைய கோப்பிலிருந்து ஒரு வரி உதிர்ந்துவிடும். பெயரை மாற்றுவதைவிடப் பெரிய எளிமை அதுதான் என்று நினைக்கிறேன்.

இனி ரெகவரி கோப்பு. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

8.0-இல் பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மீட்டெடுக்கும் வசதி வந்தது. அதற்கான விவரங்களை ரெகவரி.கான்ஃப் என்ற தனிக் கோப்பில் எழுதி டேட்டா ஃபோல்டரில் வைக்க வேண்டும். அந்தக் கோப்பு இருந்தால் சர்வர் மீட்பு வேலையில் இறங்கும். முடிந்ததும் கோப்பின் பெயரை ரெகவரி.டன் என்று தானே மாற்றிவிட்டுச் சாதாரணமாக ஓடும். எப்போதோ ஒருமுறை நடக்கும் காரியத்துக்கு அது சரியான ஏற்பாடு. 2010-இல் 9.0 வந்தபோது கதை மாறியது. ஒரு சர்வரில் நடப்பதை இன்னொரு சர்வர் உடனுக்குடன் இழுத்து வைத்துக்கொள்ளும் ஸ்ட்ரீமிங் ரெப்ளிகேஷன் வந்தது. ஸ்டாண்ட்பை என்கிற அந்த இரண்டாவது சர்வரில் ரிப்போர்ட்டும் பார்க்கலாம். இந்த ஸ்டாண்ட்பை என்பது முடிவே இல்லாத மீட்பு வேலைதான், ஆகவே அதற்கும் அதே ரெகவரி கோப்பைப் பயன்படுத்தினார்கள். தற்காலிகமாக வந்த கோப்பு நிரந்தரமாகக் குடியேறியது.

குடியேறியதும் குறைகள் தெரிந்தன. மற்றச் செட்டிங்கையெல்லாம் ஷோ என்று கேட்டால் சர்வர் சொல்லும், இந்தக் கோப்பில் இருப்பதைச் சொல்லாது. மற்றதில் பலவற்றைச் சர்வரை நிறுத்தாமல் மாற்றலாம், இதை முடியாது. 9.4-இல் வந்த ஆல்டர் சிஸ்டம் கட்டளைக்கும் இது எட்டாது. பிரைமரி என்கிற முதல் சர்வரின் ஐபி மாறினால் ஸ்டாண்ட்பையில் கோப்பைத் திருத்தி நிறுத்தி ஏற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கான்ஃபிக் கோப்புக்குள் கொண்டுவரலாம் என்று 9.0 வந்த பின் பேச்சு எழுந்தது, எழுந்து எழுந்து அடங்கியது. பார்மன், ரெப்மேனேஜர், பிஜிபேக்ரெஸ்ட், பட்ரோனி போன்ற கருவிகளெல்லாம் அந்தக் கோப்பை எழுதிக் கொடுப்பவை. அவற்றோடு ஊர் ஊருக்கு என்னைப் போன்றவர்கள் எழுதி வைத்த ஸ்கிரிப்டுகள். ஒன்றாக்கினால் எல்லாம் ஒரே நாளில் உடையும். கடைசியில் 2018 நவம்பரில்தான் மாற்றம் மூலநிரலில் ஏறியது. 2019 அக்டோபர் 3 அன்று வெளிவந்த 12-ஆம் வெர்ஷனில் ரெகவரி கோப்பு இல்லை. அதன் வரிகள் பிரதான கான்ஃபிக்குக்குள் வந்தன. 'நான் ஸ்டாண்ட்பை' என்று சொல்ல ஸ்டாண்ட்பை.சிக்னல் என்று ஒரு வெற்றுக் கோப்பு, மீட்பு வேலை என்றால் ரெகவரி.சிக்னல். உள்ளே ஓர் எழுத்தும் வேண்டாம், கோப்பு இருந்தாலே போதும்.

பழைய ரெகவரி கோப்பு கிடந்தால்? சர்வர் ஏறாது. இந்தக் கோப்புக்கு இப்போது ஆதரவு இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்.

இதை ஒரு லாரி ஓனரிடம் விளக்க வேண்டி வந்தது. நாமக்கல்லில் தலைமை ஆபீஸ், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கிளை. பிரைமரி இங்கே, ஸ்டாண்ட்பை அங்கே. அவர் கேட்டார்:

"ஏனுங்க தம்பி, பழைய ஃபைலு இருந்தா எடுத்துக்கிட்டு ஓட வேண்டியதுதானுங்களே? இல்லாட்டி கண்டுக்காம வுட்டுப் போட்டு ஓடோணும். எதுக்கு இப்புடி அடம் புடிக்குது?"

"கண்டுக்காம விட்டா என்ன ஆகும்னு பாருங்கண்ணா. அந்த ஃபைலுல இருக்கற சேதியே 'நீ தனி சர்வர் இல்ல, நாமக்கல் சொல்றதை எழுதிக்கிற ஆளு'ங்கறதுதான். அதைப் படிக்காம ஏறுச்சுன்னா, சேலம் சர்வர் தானே மொதலாளின்னு நெனச்சுக்கும்."

"நெனச்சா?"

"இங்க ஒரு டிரிப் ஷீட் போடுவாங்க, நம்பர் விழும். சேலத்துலயும் ஒண்ணு போடுவாங்க, அதே நம்பர் விழும். டிரைவர் அட்வான்ஸு இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு. ரெண்டு கணக்கும் தனித்தனியா வளரும். சர்வர் ஓடிட்டேதான் இருக்கும், ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "ரெண்டு பார்ட்டிக்கு ஒரே வண்டிய புக்கிங் போட்ட கதையாட்ட ஆயிருமுங்க" என்றார். அதேதான். இரண்டு சர்வரும் தனித்தனியே எழுதத் தொடங்கிய பின் இரண்டையும் சேர்ப்பதற்கு மென்பொருள் கிடையாது. கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து ஒவ்வொரு டிரிப்பாகப் பார்க்க வேண்டியதுதான்.

ஏற மறுப்பது முரட்டுத்தனமாகத் தெரிந்தாலும் இந்த இடத்தில் அதுதான் இரக்கம். வால் லெவலில் பழைய பெயரை ஏற்றுக்கொண்டதால் யாருக்கும் கேடில்லை, புதிய மதிப்பு பழைய இரண்டும் செய்ததைச் செய்யும். ரெகவரி கோப்பைப் பொருட்படுத்தாமல் விட்டால் சர்வர் யார் என்பதே மாறிவிடும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து 'பழையதை உடைக்கலாமா கூடாதா' என்று வாதிடுவதில் பொருளில்லை. சில வெர்ஷன்களுக்குப் பழையது புதியது இரண்டையும் படித்துக்கொண்டிருக்கலாமே என்றால், இரண்டிலும் வெவ்வேறு ஐபி இருந்தால் எதைக் கேட்பது? ராத்திரி இரண்டு மணிக்கு அந்தக் கேள்விக்கு விடை தேட எனக்கு விருப்பமில்லை.

அந்த ஓனரின் ஆபீசில் மாற்றம் சிக்கலில்லாமல் முடிந்தது. வேறொருவர் 12-க்கு மாற்றிக் கொடுத்திருந்த இன்னோர் இடத்திலிருந்து சில வாரம் கழித்து அழைப்பு வந்தது. ஸ்டாண்ட்பை ஏறவில்லை. லாக்கைப் பார்த்தால் அதே வரி: ரெகவரி கோப்புக்கு ஆதரவில்லை. 'அதை அன்றைக்கே அழித்தாயிற்று' என்றார்கள். டேட்டா ஃபோல்டரில் ரெகவரி.கான்ஃப் புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தது. டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தவர் எப்போதோ ஒரு பேட்ச் ஃபைல் வைத்திருக்கிறார். பிசி ஆன் ஆனதும் ஓடும். டேட்டா ஃபோல்டரில் ரெகவரி கோப்பு இருக்கிறதா பார், இல்லையென்றால் டி டிரைவிலிருந்து காப்பி செய். யாராவது தவறுதலாக அழித்துவிடுவார்களே என்ற முன்யோசனை. பிசி ஆன் ஆகும்போது போஸ்ட்கிரெஸ் சர்வீஸ் முதலில் ஏறிவிடும், கோப்பு கொஞ்சம் பிந்தி வந்து விழும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வர் அதைப் பார்க்காது. அடுத்து கரண்ட் போய் வந்தபோதுதான் வாசலிலேயே தடுக்கியது.

அதிலிருந்து கான்ஃபிக் மாற்றும் வேலையை நான் கோப்பிலிருந்து தொடங்குவதில்லை. அந்தக் கோப்பை யார் யார் தொடுகிறார்கள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். சி டிரைவ், டி டிரைவ் இரண்டிலும் எல்லா பேட்ச் ஃபைலுக்குள்ளும் 'ரெகவரி' என்ற சொல்லைத் தேடுவேன். ஷெட்யூலரைப் பார்ப்பேன். பேக்கப் பென் டிரைவில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். கோப்பைத் திருத்த அரை மணி ஆகும், தேட அரை நாள். காசு கொடுக்கிறவருக்கு அந்த அரை நாள் கண்ணுக்குத் தெரியாது.

ஒன்றாக்கியதன் பலன் உடனே வரவில்லை. 13-இல் பிரைமரியின் முகவரியைச் சர்வரை நிறுத்தாமலே மாற்ற முடிந்தது, 14-இல் பழைய வால் துண்டுகளை எடுத்துவரும் கட்டளையையும். தனிக் கோப்பாக இருந்திருந்தால் இவை எளிதில் நடந்திருக்காது. குப்பையும் இடம் மாறியது. புதிய ஸ்டாண்ட்பை எடுக்கும் கட்டளை, இணைப்பு விவரத்தை ஆட்டோ.கான்ஃப் என்ற கோப்பின் கடைசியில் சேர்க்கும். ஸ்டாண்ட்பையிலிருந்து ஸ்டாண்ட்பை எடுத்து எடுத்து, ஒரே வரி வெவ்வேறு ஐபியோடு அடுக்கடுக்காக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசி வரிதான் செல்லும். இந்த ஆட்டோ கோப்பு பிரதான கோப்பை மீறும் என்பது தெரியாமல், பிரதான கோப்பைத் திருத்தித் திருத்தி 'மாற மாட்டேங்குது' என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் பையன்கள் இன்றும் எனக்குப் போன் செய்கிறார்கள். பிஜி செட்டிங்ஸ் என்ற வியூவில் எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்று எழுதியே இருக்கும், பாருங்கள் என்பேன்.

மைஎஸ்கியூஎல் வைத்திருக்கும் முட்டை வியாபாரிகளின் கதை தனி. பழைய மைஎஸ்கியூஎல்லோடு ஸ்மால், மீடியம், லார்ஜ், ஹியூஜ் என்று மாதிரி கான்ஃபிக் கோப்புகள் வரும். ஹியூஜ் என்பது ஒன்று முதல் இரண்டு ஜிபி மெமரி உள்ள இயந்திரத்துக்கு. இன்று வண்டி லோடாகும் இடத்தில் முட்டை அட்டை எண்ணுகிற பையனின் செல்போனிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது. 5.6-இல் அவற்றை எடுத்துவிட்டார்கள். ஊரில் ஹியூஜ் கோப்பு இன்னும் சுற்றுகிறது. 8.0-இல் குவெரி கேஷ் போனது, அதன் வரி கோப்பில் இருந்தால் சர்வர் ஏறாது. செட்டிங்கின் முன்னால் லூஸ் என்று ஒட்டினால் தெரியாத வரியை எச்சரிக்கையோடு விட்டுவிடும் வசதி மைஎஸ்கியூஎல்லில் உண்டு. இரண்டு வெர்ஷனுக்கு ஒரே கோப்பு வைத்திருப்பவர்களுக்கு உதவும். எனக்கு அது பிடிக்காது. லாக்கில் விழும் எச்சரிக்கையின் யோகம் எனக்குத் தெரியும்.

அதே 8.0-இல் பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் முறையும் மாறியது. பழைய கனெக்டர் வைத்திருந்த சாஃப்ட்வேர்கள் உள்ளே நுழைய முடியாமல் நின்றன. எல்லாரும் என்ன செய்தார்கள்? பழைய முறையையே இயல்பாக வைத்துக்கொள் என்று கான்ஃபிக்கில் ஒரு வரி சேர்த்தார்கள். பிரச்சினை தீர்ந்தது. 2024-இல் வந்த 8.4-இல் அந்த வரியே செல்லாது. பழையதைக் காப்பாற்றப் போட்ட வரி, அடுத்த வெர்ஷனில் சர்வரை ஏறவிடாமல் தடுக்கும் வரியாயிற்று. 9.0-இல் பழைய முறையே இல்லை. ஆறு வருஷ அவகாசத்தில் கனெக்டரை மாற்றியிருக்கலாம். அவகாசம் கொடுத்தால் எங்கள் ஊர் அதை வேலைக்குப் பயன்படுத்தாது.

இப்போது நான் கை வைக்கும் இடங்களில், கான்ஃப்.டி என்ற ஃபோல்டரையும் படி என்று சொல்லும் ஒரு வரியைத் தவிர, பிரதான கோப்பில் எதையும் தொடுவதில்லை. மற்றதை வந்தபடி விட்டுவிட்டு, எங்கள் வரிகளை மட்டும் அந்த ஃபோல்டரில் தனிக் கோப்பாக வைக்கிறேன். போஸ்ட்கிரெஸ் 9.3 முதல் இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கு மேலும் தமிழிலேயே ஏன், எப்போது, எந்த வெர்ஷனில் என்று எழுதுகிறேன். பழைய விண்டோஸின் நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத குறி ஒன்று ஒட்டிக்கொள்ளும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். முழுக் கோப்பும் ஒரு பக்கத்தில் அடங்கும். வெர்ஷன் மாறும்போது படிக்க வேண்டியது அந்த ஒரு பக்கம்தான்.

போன வருஷம் செவ்வாய்ப்பேட்டைக் கிளையின் ஸ்டாண்ட்பையை 16-க்கு ஏற்றும்போது அந்த ஒரு பக்கத்திலும் ஒரு வரி முட்டியது. ஸ்டாண்ட்பையைப் பிரைமரியாக உயர்த்துவதற்கு ஒரு பழைய வழி உண்டு. குறிப்பிட்ட இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கினால், அதைப் பார்த்ததும் ஸ்டாண்ட்பை பிரைமரியாகிவிடும். 12-இல் அந்தச் செட்டிங்கின் பெயரை மாற்றினார்கள், 2023-இல் வந்த 16-இல் எடுத்தே விட்டார்கள். வரியைக் கண்டதும் சர்வர் நின்றது. நின்றதால்தான் அந்த வெற்றுக் கோப்பை இங்கே யார் உருவாக்குகிறார்கள் என்று தேடினேன்.

மேனேஜரின் டெஸ்க்டாப்பில் இருந்தது. 'சேலம் சர்வர் ஆன்' என்று ஓர் ஐகான். நாமக்கல் சர்வர் போனால் அதை இரண்டு முறை கிளிக் செய்ய வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது சேலம் பிசியில் கோப்பை உருவாக்கும். 16-இல் அதை அழுத்தினால் கோப்பு உருவாகும், வேறொன்றும் நடக்காது, பிழை என்றும் வராது. ஐகானுக்குள் இருந்த பேட்ச் ஃபைலை மாற்றி, சேலம் சர்வருக்குள் போய் பிஜி ப்ரமோட் கட்டளையைக் கொடுக்கும்படி எழுதினேன். ஐகானும் பெயரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், முதலில் நாமக்கல் சர்வரை நிறுத்திவிட்டு, மேனேஜரை உட்கார வைத்து அழுத்தச் சொன்னேன். சில நொடியில் சேலம் எழுந்தது. அங்கே டிரிப் ஷீட் ஒன்று போட்டுப் பார்த்தார்கள், விழுந்தது. அவருக்குத் திருப்தி.

"சரிங்க தம்பி, திருப்பி பழையபடி வெக்கறதுக்கு ஐகான் எதுங்க?"

"அதுக்கு இல்லீங்கண்ணா."

நாமக்கல் சர்வரை சேலத்துக்கு ஸ்டாண்ட்பையாகத் திருப்ப பிஜி ரீவைண்ட் என்ற கருவியை ஓட்ட வேண்டி வரலாம். தவறான பிசியில் ஓட்டினால் அன்றைய கணக்கு போய்விடும். அதை ஐகானில் போட்டுக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. போன் நம்பரை மானிட்டர் மேல் ஒட்டிவிட்டு வந்தேன்.